142 அடியும் ஒரு நியூட்ரினோவும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான்கு பக்கம், அதுவும் மைப்பேனாவில் எழுதி அனுப்பியவனுக்கு அது மரியாதை இல்லை. இங்கே குமுளியில் ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு நடக்கிறது, ஐப்பசி மழையும் விடவில்லை, கடையில் ஈரத்துக்குப் பேப்பரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஜெராக்ஸ் மெஷின் படுத்துகிறது, மத்தியானத்துக்கு மேல் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. அதுதான் தாமதம்.

நீ கோபமாக எழுதியிருந்த நியூட்ரினோ ஆய்வக விஷயத்துக்கே வருகிறேன். "உங்க ஊர்க்காரங்க விரட்டிவிட்டதை சீனாக்காரன் கட்டி முடிச்சு ஆகஸ்ட்ல வேலையும் ஆரம்பிச்சுட்டான்" என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவனுக்கு அந்த ஆத்திரம் வரத்தான் செய்யும். சீனாவின் அந்த ஜூனோ ஆய்வகச் செய்தியை நானும் படித்தேன். 700 மீட்டர் ஆழத்தில், 20,000 டன் திரவத்தை ஒரு உருண்டைக்குள் நிரப்பி வைத்துக்கொண்டு, நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளின் மூன்று வகையில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் கண்டுபிடிக்கப் போகிறார்களாம். நம் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் 50,000 டன் இரும்பை அடுக்கி வைத்துத் தேட நினைத்ததும் அதே கேள்விக்கான விடையைத்தான். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தபோது நீ எனக்கு போன் பண்ணி, ரிட்டயர் ஆனதும் தேவாரத்தில் வீடு எடுத்துத் தங்கப்போகிறேன் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பத்து வருஷம் ஓடிவிட்டது. பொட்டிபுரத்து அம்பரப்பர் மலை அப்படியே இருக்கிறது, அதை ஒருவரும் குடையவில்லை.

ஆனால் "அறிவியலுக்கு எதிரான ஜனங்கள்" என்று நீ எழுதியதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தச் சமயத்தில் தேவாரம் பக்கத்து அம்மா ஒருவர் தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறி இங்கே வருவார், பட்டாவுக்கும் ஆதாருக்கும் என் கடைக்குத்தான் வருவார். ஒருநாள் அவரிடம் நீ சொல்லிக்கொடுத்ததையே சொன்னேன். நியூட்ரினோ என்பது நாங்கள் செய்து கொண்டுவருகிற சாமான் இல்லை அம்மா, சூரியனிலிருந்தும் காற்றுமண்டலத்திலிருந்தும் அதுபாட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது, இப்போதுகூட உங்கள் உடம்பு வழியாகக் கோடிக்கணக்கில் போகிறது, ஒன்றும் செய்யாது, மற்ற கதிர்களைப் பாறை தடுத்துவிடும் என்பதால்தான் மலைக்கு அடியில் போகிறார்கள் என்று. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எதையும் ஒண்ணும் செய்யாதுன்னா, அத எதுக்குய்யா இம்புட்டுச் செலவு பண்ணிப் பிடிக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை மாப்ள. உன்னிடம் இருக்கலாம். ஆனால் நீ கோயம்புத்தூரில் இருந்தாய்.

அந்த வெற்றிடத்துக்குள் எல்லாம் வந்து நிறைந்தது. அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டப் போகிறார்கள், கதிர்வீச்சில் நிலம் மலடாகிவிடும் என்று எவ்வளவோ. வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு அணைக்கு ஆபத்து என்ற பேச்சு இரண்டு பக்கமும் இருந்தது. கேரளாவில் அச்சுதானந்தன் இதை எதிர்த்தார், நம் பக்கம் வைகோ மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். முல்லைப் பெரியாற்றில் என்றைக்கும் ஒன்று சேராத இரண்டு பக்கமும் நியூட்ரினோவில் ஒன்று சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இருந்தாலும் எதிர்த்தவர்கள் சொன்னதெல்லாம் புரளி என்று தள்ளவும் முடியாது. மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் குடைந்து போகும் வேலைக்குக் கட்டட வேலை என்ற தலைப்பில் அனுமதி வாங்கினார்கள். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அங்கிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இதைக் கேட்டபோது பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் அனுமதியை நிறுத்தி வைத்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மறு வருஷம் மத்திய அரசு திரும்ப அனுமதி கொடுத்தது. 2022-ல் தமிழக அரசு, புலிகள் நடமாடும் பாதை என்று சொல்லி, முடியாது என்று உச்ச நீதிமன்றத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அதோடு முடிந்தது.

நான் அந்த ஆய்வகம் வரவேண்டும் என்ற கட்சிதான், இன்றைக்கும். 1965-ல் காற்றுமண்டல நியூட்ரினோவை உலகத்தில் முதன்முதலாகப் பார்த்தவர்களில் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்த நம் ஆட்களும் உண்டு என்று நீதான் எனக்குச் சொன்னாய். அங்கே தமிழன் தங்கத்துக்காக ஏற்கெனவே குழி தோண்டி வைத்திருந்தான், விஞ்ஞானிகள் இறங்கினால் போதும். இங்கே புதிதாகத் தோண்ட வேண்டும், தோண்டுவதற்கு முன்னால் மலையடிவாரத்தில் இருப்பவனிடம் பேசவேண்டும், அந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஜனங்களுக்கு எண்ணும் கணக்கும் வராது என்று மட்டும் நினைத்துவிடாதே. காலையில் கம்பம் பக்கத்துக் கூடலூர் டீக்கடையில் வந்து உட்கார்ந்து பார். பேப்பரில் முதலில் பார்ப்பது முல்லைப் பெரியாறு நீர்மட்டத்தைத்தான். அப்புறம் வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை, வைகை 71 அடியில் எவ்வளவு. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கூட 104 அடிக்குக் கீழே போனால் நம் பக்கம் தண்ணீர் வராது என்பதைச் சொல்வார், 136-ஐத் தொட்டால் இடுக்கிக்கு முதல் எச்சரிக்கை போகும் என்பதைச் சொல்வார், 142 எப்படி வந்தது, 152 எப்படிப் போனது என்று கோர்ட் கதையையும் சேர்த்துச் சொல்வார். ஜூன் ஒன்றாம் தேதி முதல்போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்களா என்பதில் 14,707 ஏக்கரின் நாற்றங்கால் இருக்கிறது, தெரிந்துகொள்ளாமல் என்ன செய்வார்கள்? அந்த எண்ணில் அவர்களுக்குச் சோறு இருக்கிறது. நியூட்ரினோவில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. என் வாதம் இவ்வளவுதான்.

இதையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் என் தங்கச்சியை வண்டிப்பெரியாறில்தானே கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளும் தினம் அதே எண்ணைத்தான் பார்க்கிறாள். அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவளுக்கு 142 என்றால் நாற்றங்கால் இல்லை, ராத்திரித் தூக்கம் போய்விடும். 2014 நவம்பரில், 35 வருஷத்துக்கு அப்புறம் 142-ஐத் தொட்டபோது கம்பத்தில் வெடி போட்டார்கள். நான் அதைச் சொல்ல அவளுக்கு போன் பண்ணினேன், அவள் ஒன்றும் பேசவில்லை. 2018 வெள்ளத்தில் சுதந்திர தினத்தன்று மறுபடி 142 வந்தது. அன்றைக்குப் பிள்ளைகளையும் ரேஷன் கார்டையும் ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்தவுடன் கேட்டது, "அண்ணே, இப்ப எத்தனை அடி?" என்பதுதான்.

நான் அவளிடம் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். 1979-ல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்த வருஷத்தில் இங்கேயும் பயம் வந்து மட்டத்தை 136-க்குக் குறைத்தார்கள், அப்புறம் கான்கிரீட் தொப்பி வைத்தார்கள், கம்பிவடம் விட்டு அடிப்பாறையோடு இழுத்துக் கட்டினார்கள், பின்பக்கம் கான்கிரீட் சுவர் முட்டுக் கொடுத்தார்கள், நீதிபதி ஆனந்த் குழு பார்த்தது, 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 142 நிறுத்தலாம் என்றார்கள். இப்போது எந்தப் பத்து நாளுக்கு எவ்வளவு உயரம் நிறுத்தலாம் என்று அட்டவணையே இருக்கிறது. அணை பலமாக இருக்கிறது என்றுதான் நானும் நம்புகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "சரிண்ணே, அந்த ஜட்ஜு வந்து எங்க லயத்துல ஒரு ராத்திரி படுப்பாரா?" தேவாரத்து அம்மாவும் இவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போல.

தொழில்நுட்பம் எங்களுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு இன்னொரு கதை. 2023 அக்டோபரில் எல்லா போனும் ஒரே நேரத்தில் சைரன் மாதிரி அலறியதே, பேரிடர் எச்சரிக்கைச் சோதனை, ஞாபகம் இருக்கும். உனக்கு ஒரு தடவை அலறியிருக்கும், எனக்கு இரண்டு தடவை. குமுளியில் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்பது அதன் இஷ்டம். கடைவாசலில் கேரளா, உள்ளே வந்து கல்லாவில் உட்கார்ந்தால் தமிழ்நாடு. முதலில் தமிழ்நாட்டுச் சோதனை, தமிழில் வந்தது. மாசக் கடைசியில் கேரளச் சோதனை, மலையாளத்தில் வந்தது. கூடவே இரண்டு தடவையும் ஆங்கிலம். அந்த இரண்டாவது தடவை கடையில் ஏலத்தோட்டப் பெண்கள் நான்கைந்து பேர் நின்றார்கள். போன் அலறியதும் ஒருத்தி பயந்துபோய் அதை மேஜையில் எறிந்துவிட்டாள், எடுத்துப் பார்த்தவர்களால் படிக்க முடியவில்லை. பேச்சு மலையாளம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, எழுத்துத் தெரியாது. நிஜ வெள்ளமாக இருந்திருந்தால், நான் கடையில் இல்லாமல் இருந்திருந்தால்?

இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு பக்கம் எவ்வளவு தமிழர்கள் என்று உனக்குத் தெரியும். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969 சட்டத்திலேயே இருக்கிறது. எழுதலாம், சரி, அலறும் போனுக்கு யார் எழுதுவது? அந்த டவர் எட்டுகிற ஊரில் மூன்று மொழியிலும் அனுப்ப எத்தனை ரூபாய் ஆகிவிடும்? இதற்கு 50,000 டன் இரும்பு வேண்டாம்.

பெட்டிமுடியை நினைத்தால் இதெல்லாம் வெறும் குறை இல்லை என்று தோன்றுகிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறுக்கு மேலே ராஜமலைப் பக்கம், மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர், ஏறக்குறைய எல்லாரும் நம் ஆட்கள். நடந்தது ராத்திரி, வெளியே தெரிந்தது மறுநாள் காலையில். போன் வேலை செய்யவில்லை. அந்த வாரம் முழுவதும் நாடு எதைப் பற்றிப் பேசியது என்று எனக்கு ஞாபகம் இல்லை, டவரைப் பற்றி இல்லை என்று மட்டும் தெரியும்.

ஏஐ பற்றிக் கேட்டிருந்தாய். அதில் எனக்குப் பெரிய கருத்து கிடையாது. தோட்டத்துப் பையன்கள் இலையைப் படம் எடுத்துப் போட்டு, அழுகல் நோயா கட்டே நோயா என்று கேட்கிறார்கள், என்னைவிட நல்ல தமிழில் பதில் வருகிறது. மருந்தின் அளவை மட்டும் பாட்டிலைப் பார்த்து ஊற்றுங்கடா என்று சொல்லி அனுப்புகிறேன். ஏலக்காயை ஏலம் விடுவதே கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது, போடியிலும் புத்தடியிலும் வியாபாரிகள் மூச்சுக்காட்டாமல் பட்டனை அமுக்குகிறார்கள். 2019-ல் கிலோ 7,000 வரை போன நாளில்கூட அங்கே ஒரு சத்தம் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

என் கடையில் எனக்குத் தினம் வம்பு கைரேகை மெஷினோடுதான். முப்பது வருஷம் காய் எடுத்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? காய்ச் சாறு கறுத்து, தேய்ந்து, வெடித்துக் கிடக்கும். ஒரு அம்மாவுக்குப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம், பத்தும் "பொருந்தவில்லை". என் பாட்டி காலத்துப் பழக்கம், தேங்காய் எண்ணெய் தடவி, துடைத்து, கையைத் தேய்த்துச் சூடு பண்ணி வைத்தால் சில நேரம் எடுக்கும். மெஷினைச் செய்தவனுக்கு இந்த வைத்தியம் தெரிந்திருக்காது. இப்போது பென்ஷன்காரர்களுக்கு முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்துவிட்டது, அது உண்மையிலேயே நல்ல காரியம், யார் யோசித்தார்களோ அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அதனால்தான் கேட்கிறேன், பொங்கலுக்கு லோயர் கேம்பில் அணையைக் கட்டிய பென்னிகுக்கின் பிறந்தநாள் வருகிறது, குடும்பத்தோடு வா. மலைப்பாதையில் இரைச்சல் பாலத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் நிற்கலாம், பிளஸ் டூ படிக்கும்போது கட் அடித்துவிட்டுப் போய் நின்ற அதே இடம்தான். தேவாரத்து அம்மா இப்போதும் வேலைக்கு வருகிறார், வயசாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு நீயே நேரில் பதில் சொல், நான் டீ வாங்கித் தருகிறேன். அப்படியே உன் பென்ஷன் நேர்காணலையும் என் கடையில் முடித்துக்கொள், உனக்கு இலவசம். இப்போதே கண்ணாடி முன்னால் நின்று கண் சிமிட்டப் பழகு, ஒழுங்காகச் சிமிட்டினால்தான் நீ உயிரோடு இருப்பதாக அந்த ஆப் ஒத்துக்கொள்ளும்.

அன்புடன்,
உன் குமுளிக் கடைக்காரன்