தலைப்பாகையோடு போனாலும் புகார் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சைக்கிளில் போகிறவரை ஒரு வண்டி இடிப்பது போல வந்து விலகிப் போனால் புகார் கொடுப்பதா, போகட்டும் என்று விட்டுவிடுவதா? சேர்ந்து சைக்கிள் ஓட்டும் எங்கள் நண்பர்களுக்குள் போன வாரம் இதில் பெரிய வாக்குவாதம். பாதிப் பேருக்கு மேல் ‘நமக்கெதற்கு வம்பு’ கட்சி. அடி படவில்லை, சைக்கிளும் உடையவில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, அப்புறம் என்ன என்கிறார்கள். நானும் பல வருடம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். இப்போது இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, வளைவில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த பேருந்து ஹாரன்கூட அடிக்காமல் முந்தியது. முன்பாதி கடந்துவிட்டது, தப்பித்தோம் என்று நினைப்பதற்குள் பின்பாதி என்னை ஓரத்தில் நெருக்கிக்கொண்டே வந்தது (நீளமான வண்டி திரும்பினால் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும், அன்றைக்கு எனக்கு அது தெரியாது). தகரம் என் ஹேண்டில்பார் நுனியில் உரசிய கிறீச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. மண்ணில் இறங்கி நின்றேன். கைப்பிடி ரப்பரில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. விரல்கள் நடுங்கிய நடுக்கத்தில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. வண்டி எண்ணைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தாலும் எதுவும் செய்திருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

என் மனதை மாற்றியது சைக்கிளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விபத்து. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே தரையிறங்க வந்த டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம் மலையில் மோதி, உள்ளே இருந்த 92 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை கொடுத்த அனுமதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு விமானத்தைச் சீக்கிரமே தாழ இறக்கிவிட்டார்கள். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இது இல்லை. ஆறு வாரத்துக்கு முன்னால்தான் வேறொரு நிறுவனத்தின் விமானம் அங்கேயே, அதே தப்பைச் செய்து, மயிரிழையில் பிழைத்திருந்தது! அந்த விமானிகள் சொன்னது அவர்கள் நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது, மற்றவர்கள் காதுக்குப் போகவில்லை. இதற்குப் பிறகுதான், 1976-இல், பிழைத்து வந்த கதைகளை எழுதி அனுப்புவதற்கென்றே நாசா நடத்தும் ஒரு பதிவு முறை தொடங்கியது.

அதைப் படித்ததிலிருந்து அந்த வளைவுதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு முன்னால் எத்தனை பேர் அங்கே மண்ணில் இறங்கி நின்றார்களோ. எனக்குப் பின்னால் வந்தவர் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருந்தால்? நான் பேசாமல் போனது அந்தப் பிள்ளைக்குச் செய்த துரோகம் என்றுதான் படுகிறது.

ஒரு டிரைவரின் பிழைப்பில் மண்ணைப் போடலாமா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. போன வருடம் சரக்கு வேன் ஒன்று ஒரே இடத்தில் மூன்று நாள் என்னை ஒட்டிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியில் எழுதியிருந்த அலைபேசி எண்ணில் உரிமையாளரைக் கூப்பிட்டு நடந்ததை மட்டும் சொன்னேன், திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பக்கக் கண்ணாடியின் போல்ட் தளர்ந்து, ஆட்டத்தில் கண்ணாடி உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. டிரைவர் சொல்லியும் யாரும் சரிசெய்து கொடுக்கவில்லையாம். நான் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். மூன்று நாளாக மனதுக்குள் நான் திட்டிக்கொண்டிருந்த மனிதர் என்னைப் பார்க்கவே இல்லை.

எல்லாவற்றுக்கும் புகார் கொடுக்கச் சொல்லவில்லை. பொறுமையில்லாமல் ஹாரன் அடிப்பவரை விட்டுவிடலாம். தெரியாமல் கதவைத் திறந்துவிட்டுப் பதறி இறங்கி வருகிறவரையும் விட்டுவிடலாம், அவர் அடுத்த முறை பார்த்துத்தான் திறப்பார். ஆனால் அலைபேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர், வேண்டுமென்றே ஓரத்துக்கு நெருக்குகிறவர், உரசுகிற தூரத்தில் வேகமாக முந்துகிறவர், இவர்களை விடக் கூடாது. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதில் குழப்பமே வேண்டாம். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று சட்டமே சொல்கிறது. பிரிட்டன் சாலை விதிகளிலும் 2022-இல் குறைந்தது 1.5 மீட்டர் என்று எழுதினார்கள். பக்கவாட்டில் கையை முழுசாக நீட்டினாலும் விரல் நுனிக்கு அப்பால் இன்னொரு கை நீளம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

போலீஸ் ஒன்றும் செய்யாது என்பது அடுத்த பேச்சு. பல நேரம் அப்படித்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல் துறை 2016-இல் என்ன செய்தது என்று பாருங்கள். சீருடை இல்லாமல் போலீஸ்காரர்களையே சைக்கிளில் அனுப்பி, ஒட்டி முந்துகிறவர்களைக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி, வழக்குக்குப் பதிலாகப் பலருக்கும் தரையில் விரிப்பைப் போட்டு இடைவெளியை அளந்து காட்டினார்கள். இங்கே ஒரு புகார் தூங்கினாலும், அதே எண்ணைப் பற்றி இரண்டாவது, மூன்றாவது ஆள் எழுதும்போது முதல் புகாருக்கும் உயிர் வரும். முதல் ஆள் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துரத்திக்கொண்டு போகாதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். அந்த நேரத்தில் நம் கையில் இருப்பது பத்துப் பதினைந்து கிலோ சைக்கிள், அவர் கையில் இருப்பது டன் கணக்கில் இரும்பு. எண்ணை வாய்விட்டு நாலு தடவை சொல்லுங்கள், கண் மறந்தாலும் வாய் மறக்காது. கேமரா வைத்திருப்பவர்கள் அன்றைக்கே படத்தை எடுத்து வைத்துவிடுங்கள், பல கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். எண், நேரம், இடம், எவ்வளவு நெருக்கம் என்று கோபம் தணிந்த பிறகு நாலு வரி எழுதினால் போதும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடவும் கூடாது. பிரிட்டனில் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு 14 நாளுக்குள் வண்டி உரிமையாளருக்கு நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும் என்ற விதியே இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சைக்கிளில் போனவர் இறந்தால் செய்தி போடுகிறீர்கள். இறக்காமல் தப்பித்தவர் எங்கே, எப்படிப் புகார் கொடுக்கலாம் என்பதையும் மாதம் ஒரு முறையாவது ஒரு மூலையில் போடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் சைக்கிளில் போகும் ஒரு வாசகர்