கேஷ் வேறு, காசு வேறு: தமிழ் மன்றப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி, கல்லூரித் தமிழ் மன்றங்களை நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். 'ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்' என்று பேச்சுப் போட்டி வைக்காத மன்றம் இன்று அபூர்வம். பிள்ளைகள் ஒப்பிக்கும் பட்டியலில் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் வரும். மூன்றும் சரி. கூடவே 'காசுதான் கேஷ் ஆனது' என்ற வரியும் தவறாமல் வரும். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். நடுவராக இருந்த ஒரு போட்டியில் அந்த வரிக்கு நான் மதிப்பெண் குறைத்தேன். "அப்போ காசு தமிழ் இல்லையா ஐயா?" என்று கேட்டாள் அந்த மாணவி. நியாயமான கேள்வி. மேடையில் அதை விளக்க நேரமில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷுக்கு மூலம் லத்தீன். 'காப்ஸா' என்றால் பெட்டி. இத்தாலியத்தில் அது 'காஸா' ஆயிற்று. பிரெஞ்சு, இத்தாலியம் வழியாக 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது கேஷ் என்பதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. பிறகு பெட்டிக்குள் கிடக்கும் ரொக்கத்துக்கே அது பெயராகிவிட்டது. அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர் கேஷியர். படை அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றே ஒரு வினைச்சொல் உண்டு. அதற்கும் பணத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

இந்தக் கேஷுக்குப் பொருளில் நெருங்கிய சொற்கள் ஆங்கிலத்திலேயே பல உண்டு; அவற்றின் மூலம் வேறு. 'மணி' என்ற சொல், ரோமாபுரியில் நாணயச்சாலை இருந்த ஜூனோ மொனேட்டா கோயிலின் பெயரிலிருந்து வந்தது. 'கரன்சி'யின் வேர்ப்பொருள் ஓடுவது. நாமும் செல்லும் காசு, செல்லாக் காசு என்றுதானே சொல்கிறோம்! தமிழில் கேஷுக்கு மிக நெருங்கிய சொல் ரொக்கம்.

இனி நம் பங்குக்கு வருகிறேன். ஆங்கில அகராதியில் 'கேஷ்' என்று இன்னொரு தனிச்சொல் இருக்கிறது. அதுதான் காசு. போர்த்துகீசியர் நம் காசைத் தங்கள் வாயில் 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்தான். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட இந்தக் கேஷ், ரொக்கத்தைக் குறிக்கவில்லை, சிறு நாணயத்தைக் குறித்தது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் ஹென்றி யூலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, இதைத் தமிழ்க் காசோடு சேர்த்தே விளக்குகிறது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 80 காசு ஒரு பணம் என்ற நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். 1808-ஆம் ஆண்டுச் செப்புக்காசு ஒன்றைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காசு நான்கு ஃபுலூஸ்' (ஃபுலூஸ் என்பதும் செப்பு நாணயம்தான்), கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம் என்ற கணக்கு 1940-கள் வரை நடந்தது. இவற்றையெல்லாம் விட எனக்கு வியப்பு, நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் ஐரோப்பியர் இதே பெயரை வைத்ததுதான். நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் அதைக் 'கேஷ்' என்றே சொல்கிறார்கள். நம் ஊர்ச் சில்லறையின் பெயர் சீனம் வரை போயிருக்கிறது. மேடையில் முழங்க இது போதாதா?

காசின் பழமைக்கும் ஆங்கிலச் சான்று தேவையில்லை. குறுந்தொகையில் கிளியின் வளைந்த அலகில் பிடித்த வேப்பம்பழம், பொற்கொல்லர் புது நூலில் கோக்க நகநுனியில் பிடித்த பொற்காசு போல இருக்கிறது என்கிறார் அள்ளூர் நன்முல்லையார். திருவீழிமிழலையில் சம்பந்தர், மாற்றும்போது வட்டம் (கழிவு) பிடிக்காத நல்ல காசு கேட்டு இறைவனிடம் பாடினார். சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு வருகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டிலும் நாள், மலர் என்பவற்றோடு காசு உட்கார்ந்திருக்கிறது. வடமொழி 'கர்ஷ' என்ற எடைப்பெயரோடு காசை இணைப்பவர்களும் உண்டு. அதையும் மாணவருக்குச் சொல்லிவிடுங்கள். மறைத்து வளர்க்க வேண்டிய நிலையில் தமிழ் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த போட்டிக்குக் கொடுக்கும் குறிப்பில் கேஷை இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்: ரொக்கம் குறித்தது லத்தீன், சிறு நாணயம் குறித்தது தமிழ். 'தமிழிலிருந்து போனது' என்று ஒரு மாணவர் சொன்னால், யார் வாய் வழியாக, எந்தப் பொருளில் என்று நடுவர்கள் கேட்கட்டும். பதில் சொல்பவருக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் போட்டிகளுக்கு நடுவராக வரும் ஒரு தமிழாசிரியர்