சான்ட்ரோவுக்குச் சாமான் வாங்கும் முன்

அன்புள்ள அம்மாடிக்கு,

உன் சான்ட்ரோ காருக்கு மெக்கானிக் எழுதித் தந்தது என்று நீ அனுப்பிய லிஸ்ட் வந்தது. புது பேட்டரி, ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், முள்ளெல்லாம் இருக்கும் மீட்டர் போர்டு, நாலு சக்கரத்துக்கும் பிரேக் செட். கூட்டிப் பார்த்தால் வண்டியின் இன்றைய விலையில் பாதி வருகிறது. எதையும் வாங்காதே. அந்த லிஸ்டை எழுதியவர் எதையாவது அளந்து பார்த்தாரா என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

உன்னுடையது 2005 சான்ட்ரோ. இருபது வருஷ வண்டியில் பாகம் கெடுவதைவிட, பாகமும் பாகமும் சேரும் இடம் கெடுவதுதான் அதிகம். ஒயர் முனை, ஒயர்கள் சேரும் கப்ளர், ஈயப்பற்று, ரப்பர் சீல், ரப்பர் குழாயான ஹோஸ். திருவான்மியூர் உப்புக்காற்று இதையெல்லாம் இன்னும் சீக்கிரம் தின்னும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கு, போதும்.

ராத்திரி முழுக்க வண்டியை எடுக்காமல் விட்டு, காலையில் சாவி போடுமுன் பேட்டரியை அள. 12.6 வோல்ட் வந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள் நின்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. நல்ல வெயிலில் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அது கோளாறு இல்லை. அப்படியே மல்டிமீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டுக்குத் திருப்பிப் பேட்டரியிலேயே வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால்தான் ஆல்டர்னேட்டருக்குள் டயோடு போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இந்த எண்களெல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் சோம்பலாக இழுத்தால், எர்த்தைப் பார். பேட்டரி நெகடிவ்வை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் ஒயர்தான் எர்த். கருப்பு முனையைப் பேட்டரியின் நெகடிவ் ஈயக் கம்பத்தின் மேலேயே வை, ஒயர் கிளிப்பின் மேல் வைக்காதே. சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்திப் பிடி. மாப்பிள்ளையைச் சாவி திருப்பச் சொல். 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால், செல்ஃபுக்குப் போக வேண்டிய கரண்ட் அந்த எர்த் ஒயரில் சூடாக வீணாகிறது. இன்ஜின் எர்த் அடியோடு விட்டுப்போன வண்டிகளில் அந்தக் கரண்ட் வேறு வழி தேடி, ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் போகும். கேபிள் உறை உருகி, கிளட்ச் இறுகும். அதைப் பார்த்துவிட்டுப் புதுக் கேபிள் மாட்டுவார்கள். ரெண்டு மாதத்தில் அதுவும் அப்படியே ஆகும்.

சரிசெய்ய ஒரு 10 நம்பர் ஸ்பேனரும் உப்புத்தாளும் போதும். முதலில் நெகடிவ்வைக் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டு. பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். இன்ஜினில் உட்காரும் முனை, பாடியில் உட்காரும் முனை ரெண்டையும் செம்பு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவு. முதலில் தடவி அப்புறம் இறுக்காதே. ஒயருக்குள்ளேயே பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஒயரை மாற்று. பேட்டரி கழற்றிப் போட்டதும் முதல் சில நிமிடம் ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓட்டம்) தடுமாறலாம், பயப்படாதே.

பின்பக்கமும் இதே கதைதான். பிரேக்கை மிதித்துக்கொண்டு இண்டிகேட்டர் போட்டால் பின் லைட் மங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அது பல்ப் கோளாறில்லை. அந்த லைட்டின் எர்த் போய், கரண்ட் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்புகிறது. ஹோல்டரின் எர்த் முனையைத் தேய்.

ஹெட்லைட் மங்கல் வேறு விஷயம். ரெண்டு 55 வாட் பல்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சுவிட்ச், கப்ளர், பழைய ஒயர் என்று வழியெல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை இருந்தாலே 1.8 வோல்ட் போய்விடும். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். பல்ப் ஹோல்டரில் அளந்து, பேட்டரியோடு ஒப்பிடு. ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என ரெண்டு 30 ஆம்பியர் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுக்கச் சொல். 100 வாட் பல்பு மாட்டுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதே. ஹோல்டர் உருகும்.

மீட்டர் போர்டு ஏன் மாற்றச் சொன்னார்கள் என்று புரிகிறது: வெயிலில் நின்ற வண்டியில் பெட்ரோல் முள் விழுகிறது, தட்டினால் எழுகிறது. தட்டினால் எழுவது என்றாலே எங்கோ ஈயப்பற்று வெடித்திருக்கிறது. போர்டைக் கழற்றிப் பின்பக்கம் பூதக்கண்ணாடியில் பார். கப்ளர் பின்களைச் சுற்றி மோதிரம் மாதிரி மெல்லிய கருப்புக் கோடு தெரியும். வருஷக்கணக்காகச் சூடும் குளிரும் மாறி மாறி வந்ததில் பின்னும் ஈயமும் பிரிந்த இடம் அது. மேலே புது ஈயம் பூசினால் கொஞ்ச நாள் நிற்கும், அவ்வளவுதான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃப்ளக்ஸ் வைத்து, 60/40 ஈயக் கம்பியில் 25 முதல் 40 வாட் சால்டரிங் அயர்னால் புதிதாகப் பற்றவை. ஒரு பின்னுக்கு மூணு வினாடி போதும். அதற்கு மேல் வைத்தால் போர்டின் செம்புத் தடம் உரிந்து வரும். முள்ளைப் பிடுங்காதே. போர்டில் கண்டென்சர் (கப்பாசிட்டர்) எதுவும் தலை உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், கூட்டல் கழித்தல் மாறாமல் போடு. 85 டிகிரி என்று போட்டதை வாங்காமல் 105 டிகிரி கேள். பத்து டிகிரி சூடு குறைந்தால் கண்டென்சர் ஆயுள் இரட்டிக்கும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. செலவு ஒரு டீக்காசு.

ஏசி காற்று கடைசி ஸ்பீடில் மட்டும் வருகிறது என்றால் புளோயர் மோட்டார் நன்றாயிருக்கிறது, ரெசிஸ்டர்தான் போயிருக்கிறது. அதையும் சுவிட்சுகளையும் புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கலாம். ஆனால் பிரேக்கில் ஆயில் ஓடும் எதையும் பழசாக வாங்காதே. ஹோஸ், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மூன்றும் புதியதுதான்.

இனி பிரேக். ஆரம்பிக்குமுன் பெடல் மேலே தலையைக் குனிந்து பார். பிரேக் லைட் சுவிட்ச் முனை வந்து முட்டும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். பழைய வண்டியில் அது பொடியாகி உதிரும், முனை ஓட்டைக்குள் போய்விடும், பிரேக் லைட் ராப்பகலாக எரியும். காலையில் பேட்டரி செத்துக் கிடப்பதற்கு இது ஒன்றே போதும். காலடியில் விரித்த மிதியடியின் மேல் பொடிந்த பிளாஸ்டிக் கிடந்தால் அதுதான்.

டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தால் உடனே ஆயில் ஊற்றாதே. முன் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், ஆயில் அங்கே போய் நிரம்பும், பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கும். பேட் 3 மி.மீ.-க்கு வந்தால் மாற்றிவிடு. 2-ஐத் தாண்டி விடவே கூடாது. டிஸ்க் எவ்வளவு வரை தேயலாம் என்பது டிஸ்கிலேயே பொறித்திருக்கும், டிரம்மின் உள்விட்டமும் அப்படியே. அந்த அளவுக்குள் இருந்தால் புது டிஸ்க் வேண்டாம். மிதிக்கும்போது பெடல் துடித்தால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு ஏறி, டிஸ்க் கோணலாக ஓடி, தடிமன் இடத்துக்கிடம் மாறியிருக்கும். துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் துடிப்பு திரும்ப வரும். சக்கர நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, 9 முதல் 11 கிலோகிராம்-மீட்டருக்கு இறுக்கச் சொல். காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடித்தால் பணத்தைக் கொடுக்காதே.

இடது முன் சக்கரம் சூடாகிறது, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றாயே, அதற்குத்தான் அவர்கள் காலிப்பரையே (பேட்டும் பிஸ்டனும் இருக்கும் கவ்வி) மாற்றச் சொன்னார்கள். நீ இப்படிச் செய். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. ஜாக்கியை நம்பி அடியில் கையை விடாதே. பெடலை நாலைந்து தடவை மிதித்து விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்று. இறுகி நின்றால் காலிப்பரில் ஆயில் வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிளை ஒரு கால் சுற்று திற. ஒரு துளி ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் காலிப்பர் நல்லது. உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, அல்லது காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் காய்ந்திருக்கிறது.

அழுத்தம்தான் என்றால் மறுபடி மிதித்து இறுகச் செய். இப்போது நிப்பிளைத் தொடாமல், ரப்பர் ஹோஸுக்கு மேல் முனையில், இரும்புக் குழாய் வந்து சேரும் நட்டைக் கொஞ்சம் தளர்த்து. சக்கரம் விட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லை என்றால் ஹோஸ்தான். ஹோஸின் உட்சுவர் ஊதி வாய் சுருங்கியிருக்கும். கால் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போகும், திரும்பி வர வலுவில்லாமல் அங்கேயே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம்புதிது போல இருக்கும். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயசு, ரெண்டையும் சேர்த்து மாற்று.

பேட் மாற்றும்போது பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். நிப்பிளில் குழாய் மாட்டித் திறந்துவிட்டுத் தள்ளினால் அழுக்கு ஆயில் வெளியே போகும். மூடி வைத்துத் தள்ளினால் அந்த அழுக்கெல்லாம் மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பிப் போகும். ஸ்லைடு பின்னுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸோ இன்ஜின் ஆயிலோ பட்டால் அந்த ரப்பர் ஊதும். பெட்ரோலில் கழுவுவதும் அப்படித்தான். பின் சக்கரத்தில் பிரேக் ஷூவை மூடியிருக்கும் டிரம்மைத் திறக்கும்போது தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தண்ணீர் தெளித்துத் துடை. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் தூக்கிப் பார். உள்ளே ஈரம் இருந்தால் ஒழுகுகிறது. ஆயில் குடித்த ஷூவை எதில் கழுவினாலும் திரும்பப் போடக் கூடாது.

ஹேண்ட் பிரேக் மேலே வந்துவிட்டது என்று கேபிளை இறுக்குவார்கள். முதலில் டிரம்முக்குள் ஷூவை அட்ஜஸ்ட் செய்துவிட்டு, மீதியைத்தான் கேபிளில் எடுக்க வேண்டும். கேபிளை முதலில் இழுத்தால் ஷூ தன் இருப்பிடத்துக்குத் திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே ஓடும்.

ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என்றால், இப்போதே மாற்று. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். புது டாட் 3 கொதிப்பது 205 டிகிரிக்கு மேல்தான். ஈரம் குடித்தபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் பெடல் பஞ்சு. நீ ஏற்காடு மலையிறங்கும் ஆசையில் வேறு இருக்கிறாய். டாட் 4 ஊற்றலாம், டாட் 5 கூடாது, அது சிலிகான். சீல் உடைக்காத அரை லிட்டர் டின் ரெண்டு வாங்கு. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது (பிளீடிங்) மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கு: நம் வண்டியில் இடது பின். அப்புறம் வலது முன், வலது பின், இடது முன். வண்டிப் புத்தகத்தில் வேறு வரிசை இருந்தால் அதுதான் சரி. டப்பா காலியாகவே கூடாது, காலியானால் முதலிலிருந்து. ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதே. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வை. தினமும் மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்கள் முன்பாதியில்தான் ஓடும். அதற்கு அப்பால் இருபது வருஷத் துரு. பெடலைத் தரைவரை அடித்தால் வாஷர் அந்தத் துருவில் கிழிந்து, வேலை முடிந்த மறுநாள் பெடல் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். பிளீடிங் செய்ததும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று பலர் சொல்வது இதனால்தான்.

முடித்ததும் இன்ஜின் அணைத்து ஐந்து தடவை மிதி, ஆறாவதில் காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய். பெடல் ஒரு விரல் அளவு இறங்கினால், காலுக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் நல்லது. அப்புறம் அரை நிமிடம் அழுத்திப் பிடி. தரையை நோக்கி ஊர்ந்தால் தெருவில் எடுக்காதே. நின்றால், தெருமுனைவரை நடை வேகத்தில் போய் வா. புது பேட்டுக்கு முதலில் 50-இலிருந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்கு இருபது தடவை, நடுவே ஆறவிட்டு மிதி.

நாளைக் காலை சாவி போடுமுன் உள்ள வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது உள்ள வோல்ட், எர்த்தில் விழும் வோல்ட், இந்த மூன்று எண்ணையும் வாட்ஸாப்பில் அனுப்பு. இடது முன் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விட்டதா இல்லையா என்பதையும். அதற்கப்புறம் என்ன வாங்குவது என்று பேசுவோம்.

அன்புடன்,
அப்பா