ஜிசிசி குழுவினருக்கு மொரீஷியஸிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜிசிசி கம்பைலர் குழுவினருக்கு,

வணக்கம். கரும்புத் தோட்டங்களின் டிரோன் படங்களைக் கையாளும் சி நிரல்களை எழுதுகிறவர்கள் நாங்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப அகப்படுவதால்தான் இந்த மடல்.

ஒட்டிச் சேர்த்த படம் ஒன்று 32,768 பிக்சல் அகலம், 32,769 பிக்சல் உயரம். பிக்சலுக்கு 4 பைட். மெமரி கேட்டு வாங்க, நிரலில் மாலாக்(அகலம் * உயரம் * 4) என்றிருக்கிறது. அகலம், உயரம் இரண்டுமே இன்ட், அதாவது சி-யின் சாதாரண முழு எண் வகை. தேவை 4,295,098,368 பைட். 32 பிட் இன்ட்டில் அது அடங்காமல் பெருக்கல் வழிந்தோடி வழக்கமாக மிஞ்சுவது 131,072. படத்தின் ஒரே ஒரு வரிசைக்குத்தான் அது போதும். மாலாக் தாராளமாகக் கொடுத்துவிடும், மெமரி கிடைத்ததா என்று பார்க்கும் நல் (NULL) சோதனையும் தேறிவிடும். முதல் வரிசை ஒழுங்காக உட்காரும். இரண்டாம் வரிசையின் முதல் பைட்டே ஒதுக்கிய இடத்துக்கு வெளியே போய் விழும்.

டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா என்ற எச்சரிக்கைத் தெரிவுகள் இரண்டையும் போட்டு, நிரலை வேகமாக்கும் ஓ2 நிலையில் கம்பைல் செய்தாலும் இந்த வரிக்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை. 2017-இல் ஏழாம் பதிப்பில் நீங்கள் தந்த, வரம்பு மீறிய மெமரி கோரிக்கையை எச்சரிக்கும் அலாக்-சைஸ்-லார்ஜர்-தேன், கேட்காமலே இயங்குகிறது, அதற்கு நன்றி. ஆனால் 64 பிட் கணினியில் அதன் வரம்பு 9,223,372,036,854,775,807 பைட். அவ்வளவு மெமரி எந்தக் கணினியில் இருக்கிறது? வரம்பை 1 ஜிபியாகக் குறைத்தாலும் இங்கே பயனில்லை. அளவுகள் கோப்பிலிருந்து வருகின்றன. மதிப்பு தெரியாததால் கம்பைலர் பேசாமல் இருந்துவிடுகிறது. எண்ணிக்கை, அளவு என இரண்டு எண்களை வாங்கி மெமரி தரும் காலாக்கில் அவ்விரண்டையும் வழியாமல் பெருக்கிப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, மாலாக்கின் அடைப்புக்குள் நிற்கும் பெருக்கல் ஏன் கண்ணில் படவில்லை?

குறியுள்ள எண் குறியில்லா வகைக்கு மாறுவதை எச்சரிக்கும் சைன்-கன்வெர்ஷன் போடலாமே என்பீர்கள். போட்டால் இந்த வரி மாட்டும். கூடவே குற்றமற்ற வரிகளும் குவியலாக வந்து சேரும். அந்தக் குவியலில் இதை யார் தேடுவது?

கடைசியில் 4-க்குப் பதில், பிக்சலின் பைட் அளவைத் தரும் சைஸ்ஆஃப் போட்டால் இந்தப் படம் தப்பும், ஆனால் இன்னும் பெரிய படங்களுக்குத் தீராது. அகலம் * உயரம் என்ற இடப்பக்கப் பெருக்கல் முதலில் இன்ட்டிலேயே நடந்து வழிந்துவிடும். முதல் எண்ணையே மெமரி அளவுகளுக்கான சைஸ்_டி வகை ஆக்க வேண்டும், அல்லது பெருக்கல் வழிகிறதா என்று சொல்லும், 2015 முதல் நீங்களே தரும் பில்டின்-மல்-ஓவர்ஃப்ளோவால் சோதிக்க வேண்டும். தெரிந்தவர்கள் செய்கிறார்கள். புதிதாகக் கற்பவர்களோ வேகமாக்கம் எதுவும் இல்லாத ஓ0-வில் தொடங்குகிறார்கள். அங்கே மைனஸ் 1-ஐ ஒரு இன்ட்டில் வைத்து மாலாக்கிடம் கொடுத்தாலும் மௌனம்தான். "கிடைத்தது நல் (NULL) தானா என்று பார்" என்பதோடு பாடமும் முடிந்துவிடுகிறது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே. மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனுக்குப் போகும் அளவு இன்ட்டில் பெருக்கப்பட்டிருந்தால், டபிள்யூ-ஆலிலேயே எச்சரியுங்கள். மெமரி ஒதுக்குபவை என்று உங்களுக்குச் சொல்லும் அலாக்-சைஸ் குறி இட்ட எங்கள் சொந்த ஃபங்ஷன்களுக்கும் அது பொருந்தட்டும். அடுத்த பதிப்பிலேயே இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மொரீஷியஸ் தமிழ் நிரலர்கள் சிலர்