வெந்தயம் போதும், ஐயா

திருநெல்வேலிச் சீமையில் பிரசங்க பீடம் ஏறும் ஐயர்மார்களுக்கு, அதாவது சபைப் போதகர்களுக்கு, ஸ்தோத்திரம்.

பத்து வருடமாகச் சபை கமிட்டியில் இருப்பவன் எழுதுகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து எனும் தபசு நாள்களில் ஒழுக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டோம். பிள்ளைகள் கையில் செல்போன், பெண்களின் நகப்பூச்சு, ஆலயத்துக்கு ஜீன்ஸ், வீட்டில் சீரியல். சரி, சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஈஸ்டர் கழிந்து ஆலயத்தில் கல்யாண ஓலைகள் (விவாக அறிவிப்புகள்) வாசிக்கத் தொடங்கியதும் வரதட்சணையைப் பற்றிப் பீடத்தில் சத்தமே இல்லை. எந்தப் பெண்ணுக்கு எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், என்ன கார் என்பது பாயில் உட்கார்ந்திருக்கிற சண்டே ஸ்கூல் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஒரு நிச்சயதார்த்தம். ஊர் வேண்டாம். ஐயர் வந்து பாட்டுப் பாடி ஜெபித்தார். பிறகு பெரியவர்கள் நாலு பேர் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஐயர் திண்ணையில் காபியோடு உட்கார்ந்து மழையைப் பற்றி என்னிடம் பேசினார். உள்ளே ஒருமுறை குரல் உயர்ந்தது. ஐயர் டம்ளரைப் பார்த்தார், நான் அவர் செருப்பைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். ஐயர் எழுந்து நன்றி ஜெபம் செய்தார்.

வெந்தயத்திலும் சீரகத்திலும் ஒற்தலாமிலும் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டது மத்தேயு 23இல் இருக்கிறது. (ஒற்தலாம் என்றால் என்னவென்று சின்ன வயதில் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். புதினாவாம்.) நகப்பூச்சு நம்முடைய வெந்தயம், ஐயா. அதை அளந்தது போதும்.

பேசினால் சபை உடையும் என்பீர்கள். உடையலாம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே போனார்கள். அவர் மடலைத் திரும்ப வாங்கவில்லை. சாதி போய்விட்டதா என்றால், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகள் தேவை பகுதியைப் பாருங்கள். ஆனாலும் பீடத்தில் நின்றவர் தெரியாததுபோல இருக்கவில்லை.

'பெண் வீட்டார் பிரியமாகச் செய்கிறார்கள்' என்பது அடுத்த பதில். 1961ஆம் வருடச் சட்டப்படி வரதட்சணை வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். கேட்காமல் கொடுத்த அன்பளிப்பு என்றால் அதைப் பட்டியலாக எழுத வேண்டும், மணமக்கள் இருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1985 விதிகள் சொல்கின்றன. கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது அந்தப் பட்டியலையும் கேளுங்கள். பிரியமாகச் செய்தவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். ஓலை வாசிக்கும்போது இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கேட்கிறீர்களே, ஒரு குற்றம் நடந்திருப்பது தடையில் சேராதா?

நானும் யோக்கியன் இல்லை. என் கல்யாணத்தில் அப்பா 40 பவுன் பேசி வாங்கினார். நான் வெள்ளைச் சட்டையோடு திண்ணையில்தான் இருந்தேன். அதில் பாதி என் தங்கை கல்யாணத்துக்குப் போனது. வேதத்தில் வரும் வரி வசூல்காரன் சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பினான் என்று நீங்கள் வாசிக்கிறபோதெல்லாம் நான் என் மனைவியின் கையைப் பார்ப்பதில்லை. மாமனாரும் இப்போது உயிரோடு இல்லை.

வருகிற தை மாதம் என் மகனுக்கு நிச்சயம். எங்கள் ஐயர் கட்டாயம் வர வேண்டும். கதவு சாத்த மாட்டோம். காபியை உள்ளேயே தருகிறோம்.