ஒரு லட்சம் கிலோமீட்டர் எங்க இருந்து வந்துச்சு?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மாணவர் பக்கத்துல, நம்ம உடம்புல இருக்கிற ரத்தக்குழாய எல்லாம் நீளமா கட்டினா ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும், பூமிய ரெண்டரை சுத்து சுத்தலாம்னு போட்டிருந்தீங்க. என் பேத்தி அத சத்தமா படிச்சிட்டு "தாத்தா, நீ லேப்ல பாத்தியே, நெசமா?"ன்னு கேட்டுட்டா. வேலூர்ல ஒரு லேப்ல திசு வெட்டி ஸ்லைடு போடற வேலைய முப்பது வருஷம் பாத்தவன் நான், சும்மா இருக்க முடியல.

இந்தக் கணக்கு டென்மார்க் விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோக், தசையில இருக்கிற தந்துகிங்கள, அதாவது ரொம்ப மெல்லிசான ரத்தக்குழாய்ங்கள, வச்சு போட்டது, தசையில தந்துகி எப்படி வேலை செய்யுதுன்னு சொன்னதுக்கு 1920ல நோபல் பரிசு வாங்கினவர். பெரிய மனுஷன்தான், ஆனா அவர் கணக்குக்கு எடுத்த ஆளுக்கு தசை மட்டுமே 50 கிலோ! எங்க தெருவுல ஆள் மொத்தமே 50 கிலோ தேறாதவங்க எத்தன பேர் இருக்காங்க. அப்புறம் தசைய குறுக்கால வெட்டினா ஒரு சதுர மில்லிமீட்டர்ல 2,000 தந்துகின்னு வச்சிகிட்டார், அது மிருகங்கள்ல எண்ணினத வச்சு போட்ட அனுமானம். சாதாரண மனுஷன் தொடைத் தசையில 300, 400 இருந்தாலே ஜாஸ்தி. அவர் கணக்குலயே 50க்கு பதிலா 25 கிலோ தசை, 2,000க்கு பதிலா 350 தந்துகின்னு போட்டு பாருங்க, 8,750 கிலோமீட்டர்தான் வருது. சமீபத்துல திரும்ப கணக்கு போட்டவங்களும் 9,000ல இருந்து 19,000க்குள்ளதான் சொல்றாங்க. அதுவே வேலூர்ல இருந்து மெட்ராஸுக்கு அறுபது தடவைக்கு மேல போற தூரம், போதாதா?

தசைய பாரபின் மெழுகுல பதிச்சு மைக்ரோடோம்ங்கற சீவற மிஷின்ல 5 மைக்ரான் கனத்துக்கு சீவுவோம் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தா ஒரு மில்லிமீட்டர்), ரிப்பன் மாதிரி வரும், அத வெந்நீர்ல மிதக்கவிட்டு ஸ்லைடால ஏந்தணும், எங்க ஊரு மே மாச வெயில்ல மெழுகு பிளாக்கே இளகி ரிப்பன் சுருண்டுக்கும், ஐஸ் மேல வச்சு வச்சுதான் வெட்டணும். சாயம் ஏத்தினப்புறம் பாத்தா தசை நாருங்க ரோஸ் கலர்ல கோணல் மாணலா, உடைஞ்ச கடப்பாக்கல்ல தரையில பாவின மாதிரி இருக்கும். அந்தக் கல்லுங்க கூடற மூலையில இருக்கிற பொட்டு ஓட்டைதான் தந்துகி. புதுசா வர்ற பசங்க கண்ணுல அது படவே படாது, பாதி ஓட்டை மூடிகிட்டு வேற கிடக்கும், அதிர்ஷ்டம் இருந்தா உள்ள ஒத்த சிவப்பணு உக்காந்திருக்கும். அணு 7, 8 மைக்ரான், குழாய் பல இடத்துல 5, 6தான், அதனால அணு மடங்கி நசுங்கித்தான் நுழையணும்.

உங்க படமும் சரியில்ல சார். தசை மேல மீன் வலைய போத்தின மாதிரி போட்டிருக்கீங்க. தந்துகி நாரோட நாரா நீளவாக்குல ஓடும், குடியாத்தம் லுங்கித் தறியில பாவு நூல் போற மாதிரி, அங்கங்க குறுக்கால ஒரு கிளை, அவ்ளோதான். இன்னொண்ணு, இதோட எண்ணிக்கை நிலையா இருக்கிறதில்ல, கோட்டைய சுத்தி தெனம் வேகமா நடக்கிறவங்க கால் தசையில கொஞ்ச நாள்ல புதுசா கிளைக்கும்.

பேத்திக்கு வாயால சொன்னா பத்தாதுன்னு பழைய மைக்ராஸ்கோப்ப தொடச்சு, கப்பி மீன் ஒண்ண ஈரப் பஞ்சுல சுத்தி வாலை மட்டும் லென்ஸ் அடியில வச்சேன். வால்ல தசை இல்ல, வெறும் துடுப்புதான், ஆனா உயிரோட ஓடறது அதுலதான் சுலபமா தெரியும். சிவப்பணு ஒண்ணு பின்னால ஒண்ணா, காட்பாடி ஸ்டேஷன் டிக்கெட் க்யூ கணக்கா ஊர்ந்துச்சு, ஒரு கிளையில திடீர்னு நின்னுடுச்சு, அப்புறம் நகந்துச்சு. கிலோமீட்டர் கேட்டவ அத மறந்துட்டு "ஏன் தாத்தா நின்னு நின்னு போவுது?"ன்னு ஆரம்பிச்சிட்டா. ரெண்டு நிமிஷத்துல மீன தொட்டியில விட்டுட்டோம், நல்லா இருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமையாவது அந்த நம்பர திருத்திப் போடுங்க, படம் வேணும்னா நானே வரைஞ்சு அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
சத்துவாச்சாரி, வேலூர்