மேல் டிவிசன் ஓடையில் ட்ரவுட்

அக்கரப்பத்தனை

அன்புள்ள சிவா,

ஸ்கொட்லாந்திலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி வழக்கம்போல. சின்னவள் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். நெட்டையன் ஸ்டோர் வேலையை விட்டு ஓட்டோ எடுத்திருக்கிறான். அந்த நீளக் கால்களை மடக்கி அதற்குள் எப்படி உட்காருகிறான் என்பதை நீயே வந்து பார். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ட்ரவுட் இருக்கிறதடா, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட அந்தக் குளிர்தண்ணீர் மீன்! நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் ஓடையில், இடிந்த பாலத்துக்கு மேலே, தண்ணீர் பாறையைச் சுற்றித் திரும்புகிற குட்டையில். தம்பி மகன் புழு போட்டு ஒன்றைத் தூக்கினான். விலாவில் இளஞ்சிவப்புக் கோடு, வால்வரை கறுப்புப் புள்ளி, முதுகின் பின்பக்கம் அந்தச் சின்னச் சதைத் துடுப்பு. வானவில் ட்ரவுட்தான், சந்தேகமே இல்லை. இங்கே ட்ரவுட் உண்டு என்று கணக்கப்பிள்ளை தாத்தா சொன்னதை எல்லாம் கட்டுக்கதை என்று சிரித்தவன் நீதான், நான் இல்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதன் அளவு. ஒரு சாண்கூட இல்லை. இந்தப் பக்கம் யாரும் குஞ்சு விடவில்லை. அப்படியானால் அது இந்த ஓடையிலேயே பிறந்திருக்கிறது. ட்ரவுட் சரளைக் கல்லுக்குள் முட்டையிடும்; கல்லிடுக்கு வழியாகக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. மேலே வண்டல் படிந்தால் எல்லாம் செத்துப்போகும். ஆக, அந்த இடத்தில் சரளை இன்னும் சுத்தமாக இருக்கிறது. இந்தக் காலத்தில், இந்த மலையில்!

மீன்பிடிக்க வந்தால் எந்த ஆறு, எந்த ஃப்ளை (முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டுகிற உன் பொய்ப் பூச்சி) என்று கேட்டிருந்தாய். ஹோட்டன் சமவெளியை மறந்துவிடு. வெள்ளைக்காரன் 1880களில் நுவரெலியாவுக்கு ட்ரவுட் முட்டை கொண்டுவந்த காலத்திலிருந்து அங்கே ஓடுகிற பெலிஹுல் ஓயாவைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் 1988இலிருந்து அந்தச் சமவெளி தேசியப் பூங்கா. எல்லைக்குள் தூண்டிலோடு போகக்கூடாது, அது நியாயமும்கூட. அங்கிருந்து இறங்கி வெளியே வருகிற ஓடைகளைத்தான் நாம் பார்க்க வேண்டும்: அக்ர ஓயாவின் தலைப்பகுதி, அதில் வந்து விழுகிற சின்னச் சின்ன ஓடைகள். கீழே போகப் போக வீண். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை வந்த பிறகு சென்கிளயர் அருவி தண்ணீர் குறைந்து மெலிந்துபோனது உனக்குத் தெரியும். அருவிக்கே அந்தக் கதி என்றால் ஆற்றில் மீனைத் தேடி என்ன பயன்?

ஓடையைத் தேர்ந்தெடுக்க நான் ஒரே ஒரு வேலைதான் செய்கிறேன். இறங்கி, உள்ளங்கை அளவு கல்லைப் புரட்டிப் பார்க்கிறேன். அடியில் மூன்று வால் கொண்ட தட்டைப் புழு ஒட்டிக்கொண்டு ஓடினால், மணலையும் குச்சியையும் கோத்துக் கூடு கட்டிய புழு இருந்தால், அங்கே நிற்கலாம். வழவழவென்று பாசியும் சேறும் மட்டும் என்றால் அடுத்த ஓடைக்கு நடக்க வேண்டியதுதான். ஃப்ளைக்கும் அந்தக் கல்லே பதில் சொல்லிவிடுகிறது. உன் பெட்டியிலிருந்து 14, 16ஆம் நம்பர் முள்ளில் கட்டின ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் கொண்டு வா, அந்தக் கல்லடிப் புழு மாதிரி இருப்பது. கூட்டுப் புழு வளர்ந்து பூச்சியானது மாதிரி இருக்கிற பழுப்பு நிற செட்ஜ் கொஞ்சம். அதைவிட முக்கியம், கறுப்பு எறும்பும் சின்னக் கறுப்பு வண்டும் மாதிரி கட்டினவை. ஓடையின் இரண்டு பக்கமும் தேயிலையும் பத்தனைப் புல்லும். காற்றடித்தால் எறும்பும் வண்டும் வெட்டுக்கிளியும் தண்ணீரில் விழுகின்றன. பாறைமேல் படுத்துக்கிடந்து பார்த்தேன், மீன் மேலே வந்ததெல்லாம் அவற்றுக்குத்தான். ஸ்கொட்லாந்தில் வீசுகிற பெரிய மினுக்கு ஃப்ளைகளை அங்கேயே வைத்துவிட்டு வா.

தூண்டில் பிரம்பு ஏழடிக்கு மேல் வேண்டாம், 3ஆம் நம்பர் கயிறு போதும். பின்னால் வீச இடமே கிடையாது, தேயிலையில் மாட்டிக்கொள்ளும். கயிற்றைப் பின்னால் வீசாமல் முன்னாலேயே சுருட்டி எறிகிற ரோல் காஸ்ட்டை நன்றாகப் பழகிக்கொள். ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வா. மே மாதம் மழை இறங்கிவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும். ஜனவரியில் பனி உறைகிற காலையில் அவசரப்பட்டு எழும்ப வேண்டாம். வெயில் பட்டுத் தண்ணீர் கொஞ்சம் சூடேறினால்தான் பூச்சியும் எழும்பும், மீனும் அசையும். பூட்ஸை நன்றாகக் கழுவி, முழுசாகக் காயவைத்துக் கொண்டு வா. அந்த ஊர் ஆற்று நோய் எதுவும் ஈரத்தோடு இங்கே வரக்கூடாது.

ஃப்ளை கட்டக் காட்டுக்கோழி இறகு கேட்டிருந்தாயே, அது முடியாது. உன் புத்தகத்தில் வருகிற 'ஜங்கிள் கொக்' தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி. இங்கே இருப்பது வேறு இனம், உலகத்தில் இந்தத் தீவில் மட்டும் இருப்பது. அதைத் தொடமாட்டேன். எங்கள் வீட்டுச் சிவப்புச் சேவலின் கழுத்து இறகு வேண்டிய அளவு தருகிறேன். ஃப்ளைக்கு அது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை.

இப்போது நீ கோபப்படப்போகிற விஷயம். பணம் சேர்த்து மேல் ஓடைகளில் எல்லாம் குஞ்சு விடலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம், சிவா. ட்ரவுட் இந்த மண்ணின் மீன் இல்லை. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ஒரு சின்ன இறால் இருக்கிறது, உலகில் வேறெங்கும் கிடையாது. அதையும் தின்று வளர்ந்ததுதான் இந்த வானவில் அழகு. இருக்கிற மீனைப் பிடிப்போம், பிடித்ததைத் தின்போம். தம்பி மகன் அன்றைக்கே பொரித்துவிட்டான், நான் தடுக்கவில்லை. ஆனால் அது இல்லாத ஓடையில் நாம் கொண்டுபோய் விடக்கூடாது.

உன் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. பாலத்துக்குக் கீழே கரைவரை மரக்கறித் தோட்டம் வந்துவிட்டது. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. ஒரு மழைக்கு மண் அப்படியே ஓடையில் இறங்குகிறது. பூச்சிமருந்து தெளிக்கிற டாங்கியையும் அங்கேயேதான் கழுவுகிறார்கள். அவர்கள் நம் பிள்ளைகள்தான், கொழுந்துச் சம்பளத்தில் வாழ முடியாமல் மண்வெட்டி எடுத்தவர்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். பேசிப் பார்த்தேன். கரையில் சில அடி அகலத்துக்குப் புல்லையும் மரத்தையும் விட்டுவைக்க இரண்டு பேர் சம்மதம். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டவும் ஒத்துக்கொள்கிறார்கள். டாங்கி கழுவ ஓடைக்குத் தூரமாக ஒரு தொட்டியும் தண்ணீர்க் குழாயும் கேட்கிறார்கள். அதற்குத்தான் காசு வேண்டும். இப்போது சரளை சுத்தமாக இருப்பது பாலத்துக்கு மேலே மட்டும். தோட்டம் இன்னும் ஒரு வளைவு ஏறினால் அதுவும் போய்விடும், அதன் பிறகு உன் பெட்டியில் எந்த ஃப்ளை இருந்தும் ஒன்றுதான்.

இன்னொன்று: தண்ணீரில் போட்டுப் பார்க்கிற நல்ல தெர்மாமீட்டர் ஒன்று கொண்டு வா. 20 பாகைக்கு மேல் போனால் ட்ரவுட் திணறத் தொடங்கும். கரையில் மரம் உள்ள இடத்திலும் வெட்டிய இடத்திலும் மார்ச் நடுப்பகலில் அளந்து, அந்த எண்ணை அவர்களிடம் நேரில் காட்ட வேண்டும். நான் வாயால் சொல்வதைவிட அது எடுபடும். டிக்கெட் போட்டதும் திகதியை எழுது, நெட்டையன் ஓட்டோவோடு நானு ஓயா ஸ்டேஷனில் நிற்பான்.

உன்,
ராஜு